கைக்குழந்தையோடு விதவையானவர் என்ஜினீயர் ஆனார்!
80 ஆண்டுக்கு முன்பே கிண்டி கல்லூரியில் சாதித்த லலிதா

செஞ்சி,
செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜகிரி மலை அடிவாரத்தில் உள்ள செட்டிக்குளத்தைப் பார்க்காமல் திரும்புவது இல்லை. 1714-ம் ஆண்டு ஆற்காடு நவாபுடன் நடந்த சண்டையில் தேசிங்குராஜன் மாண்டான். அவனுக்கு வயது 22. அந்தக் குளக்கரையில்தான் அவன் உடலுக்குத் தீ மூட்டினார்கள் என்றும், அவனுடைய இளம் மனைவி அதே தீயில் இறங்கினாள் என்றும் ஊரில் சொல்வார்கள். ராணிப்பேட்டைக்கு அந்த ராணியால்தான் பெயர் வந்தது என்பார்கள்.

உடன்கட்டை ஏறுவதை 1830-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு நூறு வருஷம் ஆகியும் இளம் விதவையின் பாடு பெரிதாக மாறவில்லை. வெள்ளைப் புடவை, வீட்டின் ஒரு மூலை, நல்ல காரியம் என்றால் எதிரே வரக்கூடாது. இதுதான் விதி என்றார்கள்.

அந்த மூலையில் உட்காராமல் எழுந்து காலேஜுக்குப் போனவர், ஏ.லலிதா. இந்தியாவின் முதல் பெண் என்ஜினீயர் என்று பெயர் வாங்கியவர். அவர் சென்னைக்காரர்தான். ஆனாலும் பெண் பிள்ளையை என்ஜினீயரிங் படிக்க அனுப்பலாமா, வேண்டாமா என்று செஞ்சிப் பக்கம் இன்றைக்கும் யோசிக்கிற வீடுகளில் அவருடைய கதை தெரிந்திருக்க வேண்டும்.

15 வயதில் கல்யாணம்

லலிதா 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் 7 பிள்ளைகள். அவர் ஐந்தாவது. தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் மின்சாரப் பொறியியல் பேராசிரியர்.

பேராசிரியர் வீடாக இருந்தாலும் ஊர் வழக்கம் விடவில்லை. ஆண் பிள்ளைகள் என்ஜினீயரிங் படித்தார்கள். லலிதாவுக்கு 1934-ல் கல்யாணம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 15. ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகும் படிப்பை நிறுத்தக்கூடாது என்று தந்தை உறுதியாக இருந்தார். அதனால் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்து முடித்தார்.

1937-ல் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு 4 மாதம் ஆனபோது கணவர் இறந்துவிட்டார். லலிதாவுக்கு 18 வயது.

டாக்டர் படிப்பு வேண்டாம்

குழந்தையுடன் தந்தை வீட்டுக்கு வந்த லலிதா, முதலில் எடுத்த முடிவு மேலே படிப்பது. இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் குழந்தையை வளர்க்க வேண்டும் என்றால் ஒரு தொழில் வேண்டும். கடற்கரையில் உள்ள ராணி மேரி கல்லூரியில் சேர்ந்து இண்டர்மீடியட் வகுப்பில் முதல் வகுப்பில் தேறினார்.

அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்குத் தெரிந்த பெரிய தொழில் டாக்டர் தொழில்தான். முத்துலட்சுமி ரெட்டி 1912-லேயே டாக்டர் பட்டம் வாங்கி வழிகாட்டி இருந்தார். லலிதாவும் அந்த வழியில் போயிருக்கலாம். ஆனால் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். டாக்டர் என்றால் நடு ராத்திரியில் ஆள் வந்து கூப்பிட்டாலும் ஓட வேண்டும். குழந்தையை யார் பார்ப்பது? காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்புகிற வேலைதான் தனக்குச் சரி என்று நினைத்தார். அப்பாவும் அண்ணன் தம்பிகளும் படித்த என்ஜினீயரிங் படிப்பையே தேர்ந்தெடுத்தார்.

ஆனால் கிண்டி கல்லூரியில் பெண்களைச் சேர்க்கும் வழக்கமே கிடையாது. 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய நாளிலிருந்து அங்கே ஆண்கள்தான் படித்தார்கள். சுப்பாராவ், கல்லூரி முதல்வர் கே.சி.சாக்கோவிடம் போய் மகளுக்காகப் பேசினார். சாக்கோ சம்மதித்தார். மாகாணக் கல்வித்துறை டைரக்டர் ஆர்.எம்.ஸ்டேதமும் அனுமதி கொடுத்தார். 1940-ல் லலிதா எலெக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் வகுப்பில் சேர்ந்தார்.

நூற்றுக்கணக்கான பையன்கள் நடுவில் ஒரே பெண்

கல்லூரி முழுக்க ஆண்கள். அவருக்காகத் தனியாக விடுதி ஏற்பாடு செய்தார்கள். குழந்தையை உறவினர் வீட்டில் விட்டிருந்தார். சனி, ஞாயிறில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

பையன்களால் தொந்தரவு இல்லை. ஆனால் பேசிச் சிரிக்க ஒரு துணை இல்லாதது பெரிய குறையாக இருந்தது. மகளின் வாட்டத்தைப் பார்த்த சுப்பாராவ் ஒரு யோசனை செய்தார். வேறு பெண்களையும் சேர்த்தால் என்ன? கல்லூரி நிர்வாகமும் ஒத்துக்கொண்டது. பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் வந்தது. லீலாம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா என்ற இரண்டு பெண்கள் சிவில் என்ஜினீயரிங்கில் வந்து சேர்ந்தார்கள்.

அப்போது இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அதனால் படிப்புக் காலத்தைக் குறைத்தார்கள். பின்னால் வந்த இருவரும் லலிதாவோடு சேர்ந்தே தேறினார்கள்.

பட்டப் பத்திரத்தில் பேனா திருத்தம்

1943-ல் பட்டம் வந்தது. அதில் ஒரு வேடிக்கை. பட்டப் பத்திரத்தை ஆண்களுக்கு என்றே அச்சடித்து வைத்திருந்தார்கள். இங்கிலீஷில் "அவன்" என்று அர்த்தம் வரும் சொல்லை அடித்துவிட்டு, "அவள்" என்ற சொல்லைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்! பெண் ஒருத்தி வந்து இந்தப் பட்டத்தை வாங்குவாள் என்று அச்சடித்தவர்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

பட்டத்தோடு வேலைப் பயிற்சியும் வேண்டும். பீகார் மாநிலம் ஜமால்பூர் ரெயில்வே பட்டறையில் ஒரு வருஷம் பயிற்சி எடுத்தார்.

பக்ரா நங்கல் அணையில் பங்கு

முதல் உத்தியோகம் சிம்லாவில். மத்திய தர நிர்ணய அமைப்பில் என்ஜினீயரிங் உதவியாளர். அங்கே சகோதரர் குடும்பத்தோடு தங்கினார். ஆபீஸ் போகும் நேரத்தில் குழந்தையை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். 1946 முடிவில் சென்னை திரும்பி, தந்தையின் ஆராய்ச்சியில் கொஞ்ச காலம் கூட இருந்தார். மின்சாரத்தில் இயங்கும் இசைக் கருவி, புகை இல்லாத அடுப்பு என்று சுப்பாராவ் பலவற்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

1948-ல் கல்கத்தாவில் உள்ள அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கேதான் அவர் திறமை முழுசாக வெளியே வந்தது. மின்சாரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகும் லைன்களை வடிவமைப்பது, சப்-ஸ்டேஷனுக்குப் பிளான் போடுவது, ஒரு இடத்தில் கோளாறு வந்தால் மற்ற இடம் பாதிக்காமல் துண்டிக்கும் கருவிகளைத் தீர்மானிப்பது, இதெல்லாம் அவர் வேலை. ஒரு கணக்கு தப்பினாலும் ஊரே இருட்டாகிவிடும்.

சட்லெஜ் நதியில் 740 அடி உயரத்துக்குக் கட்டிய பக்ரா அணையை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பக்ரா நங்கல் திட்டத்தின் ஜெனரேட்டர் வேலைகளில் லலிதாவும் பங்கு பெற்றார்.

நியூயார்க் மாநாடு

1964 ஜூன் மாதம் நியூயார்க்கில் பெண் என்ஜினீயர்கள், பெண் விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நடந்தது. பெண் என்ஜினீயர்களுக்கு இந்தியாவில் அப்போது சங்கமே இல்லை. அதனால் தனி ஆளாகப் போய்க் கலந்துகொண்டார். லண்டன் மின் பொறியாளர் கழகம் 1966-ல் அவரை முழு உறுப்பினராக ஏற்றது.

கடைசி வரை அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளை நன்றாகப் படிக்க வைத்தார். 1977-ல் ஓய்வு பெற்றார். 1979 அக்டோபர் 12-ந் தேதி மூளை ரத்தக்குழாய்க் கோளாறால் காலமானார். வயது 60.

உடன் படித்த திரேசியா 1971-ல் கேரள பொதுப்பணித்துறையின் தலைமை என்ஜினீயர் ஆனார்.

செஞ்சியிலிருந்து ஒரு மணி நேரம்

லலிதாவுக்குப் படிப்பில் ஆசை இருந்தது, மூளையும் இருந்தது. ஆனால் அது மட்டும் போதவில்லை. மகளுக்காகப் போய்ப் பேச ஒரு தந்தை, சரி என்று தலையாட்ட ஒரு முதல்வர், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள உறவுக்காரர்கள் என்று பல கைகள் சேர்ந்தன.

இன்றைக்குச் சாக்கோவிடம் போய்க் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் என்ஜினீயரிங் கல்லூரிகள் 2008-ல் வந்துவிட்டன. செஞ்சியிலிருந்து பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம்தான். பெண்களுக்கு சீட்டு உண்டு, விடுதி உண்டு.

இருந்தும் சில வீடுகளில் மார்க் ஷீட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, படித்தது போதும் என்கிறார்கள். 15 வயதில் மகளைக் கட்டிக்கொடுத்த சுப்பாராவே பிறகு கல்லூரி முதல்வர் அறைக்குப் போய் நின்றார். இன்றைய அப்பாமார்கள் பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டால் போதும்.