ஒளியை ஆராய்ந்த இராமன்

கடலூர்க் கடற்கரையில் நிற்போர் நீலக் கடலைக் காண்பர். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்திற்குச் செல்வோர் பசிய அலையாத்திக் காட்டைக் காண்பர். இந்நிறங்கள் எங்ஙனம் தோன்றுகின்றன? அவற்றைக் கண் எங்ஙனம் உணர்கின்றது? இவ்விரு வினாக்களையும் ஆராய்ந்த பேரறிஞர் சர். சி. வி. இராமன் ஆவார்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டே கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறையில் உயர்பதவி ஏற்றார். அலுவல் போக எஞ்சிய நேரத்தை ஆய்வுக்கே அளித்தார். 1917இல், ஊதியம் குறைவதையும் பொருட்படுத்தாது, அப்பதவியைத் துறந்து பேராசிரியரானார்.

1921இல் அவர் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நிறமே கடலில் தோன்றுகிறது என அறிஞர் கருதியிருந்த காலம் அது. இராமன் சிறு படிகக் கருவியொன்றால் நீர்ப்பரப்பின் எதிரொளியை விலக்கி நோக்கினார், நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன எனத் தெளிந்தார். தொடர்ந்த ஆய்வின் பயனாக 1928இல் இராமன் விளைவைக் கண்டறிந்தார். 1930இல் நோபெல் பரிசு பெற்றார்.

முதுமையில் அவர் கருத்து கண்ணின்பால் சென்றது. 1948இல் பெங்களூரில் தாம் நிறுவிய ஆய்வுக் கழகத்தில், வண்ணத் தகடு வழியாக வெண்திரையைச் சிறிது நேரம் நோக்குவார்; பின்னர்த் தகட்டை விரைந்து அகற்றித் தம் விழித்திரையின் சாயலையே திரைமீது காண்பார். 1968இல் பார்வையைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவகை உணர்வுகளினின்றே எல்லா நிறங்களும் தோன்றுகின்றன என்னும் கொள்கையை அதில் மறுத்தார்.

அறிவுலகம் அம்மறுப்பை ஏற்கவில்லை. 1964இல் கண்ணின் கூம்பணுக்களைத் தனித்தனியே அளந்த ஆய்வுகள் மூவகை நிறமிகளைக் காட்டியிருந்தன. பெரியார் கூற்றாயினும் சான்றே வென்றது.

இராமன் 1970ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் மறைந்தார். கண் ஒளியை உணரும் முறையைப் பிற்கால அறிஞர் சின்னஞ்சிறு பழ ஈயின் கண்ணிலும் ஆராய்ந்தனர். அங்கே ஒளி நிறமியில் பட்டதும் வேதி மாற்றங்கள் தொடர்கின்றன. உயிரணுவின் நுண்வாயில்கள் திறக்கின்றன. மின்னூட்டம் பெற்ற துகள்கள் உட்புகுந்து மின்குறிப்பை எழுப்புகின்றன. மனிதக் கண்ணிலோ ஒளி பட்டதும் அத்தகைய வாயில்கள் மூடுகின்றன. வழி வேறாயினும், ஒளியை மூளை அறியும் குறிப்பாக மாற்றும் பணி ஒன்றே.

மாணவர்களே, இராமனது வாழ்வு நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கின்றது. முதுமையிலும் வினவுதலைக் கைவிடலாகாது என்பது ஒன்று. எத்துணைப் பெரியார் உரைப்பினும் சான்று கண்டே தெளிதல் வேண்டும் என்பது மற்றொன்று.