காரைக்காலம்மையார்

கொடும்பாளூர், நாயன்மார் அறுபத்துமூவருள் ஒருவராகிய இடங்கழியார் ஆட்சி புரிந்த திருப்பதி. அடியாரை அமுது செய்விக்கும் ஆர்வத்தால் நெற்பண்டாரத்திற் களவு செய்தாரைத் தண்டியாது, பண்டாரத்தையே அடியார்க்குத் திறந்துவிட்ட வள்ளல் அவர். சிவாலயங்களில் அறுபத்துமூவர் வரிசையில் அப்பெருமானைக் கும்பிடச் செல்லும் அன்பர், ஏனையோர் நின்றிருக்க, வற்றிய மேனியராய் ஒருவர் மட்டும் வீற்றிருக்கக் காண்பர். அவரே காரைக்காலம்மையார். இக்குடமுழுக்கு நன்னாளில் அவர்தம் வரலாற்றைச் சிந்திப்பது நமக்கு நலம் பயக்கும்.

திருஞானசம்பந்தருக்கு முற்பட்டவர் அம்மையார். காரைக்கால் வணிகர் தலைவர் தனதத்தனாரின் ஒரே மகள், இயற்பெயர் புனிதவதியார். சிற்றில் இழைத்து விளையாடிய சிறுமி, அழகு நிரம்பிய பருவம் எய்தவே இல்லத்தினுள் அடங்கினார். பெரியோர் மணம் பேசினர். நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்குக் கொடுத்தனர். மகளைப் பிரிய மனமின்றிக் காரைக்காலிலேயே மனையும் அமைத்தனர். இவற்றுள் எதிலும் அவர்தம் விருப்பத்தைக் கேட்டறிந்ததாகச் சேக்கிழார் பெருமான் குறிப்பிடவில்லை. அக்கால வழக்கு அது.

கணவன் அனுப்பிய மாங்கனி இரண்டனுள் ஒன்றைப் பசித்து வந்த அடியார்க்கு அம்மையார் இட்டதும், கணவன் மற்றொன்றையும் வேண்ட, இறைவனருளால் கனியொன்று கைவந்ததும் யாவரும் அறிந்தவை. உண்மையைத் தெளிந்த பரமதத்தன் அஞ்சினான். வாணிகத்தின் பெயரால் கலமேறிச் சென்றவன், பாண்டி நாட்டுப் பட்டினம் ஒன்றில் மறுமணம் செய்து வாழ்ந்தான். அம்மையாரோ அவன் வரவை நோக்கி இல்லறம் காத்திருந்தார். செய்தி அறிந்த சுற்றத்தார் அவரைச் சிவிகையில் ஏற்றி அங்குக் கொண்டுசென்றனர். பரமதத்தன் மனைவியோடும் மகளோடும் எதிர்வந்து அவர் அடியில் வீழ்ந்தான், தெய்வம் என்றான், அவர் பெயரையே மகளுக்கு இட்டதாகவும் கூறினான். சுற்றத்தார் திகைத்து நின்றனர்.

அவ்விடத்தே அம்மையார் செய்ததை அன்பர் ஊன்றி நோக்குக. அழுதாரில்லை, தந்தை மனைக்கு மீண்டாரில்லை. கணவன் பொருட்டுச் சுமந்த அழகைக் கழித்து, இறைவன் திருவடியைப் போற்றும் பேய்வடிவு தருமாறு வேண்டினார், பெற்றார். அதுகாறும் தந்தையார் காத்த உடல், கணவற்கு அளித்த உடல், சுற்றத்தார் சிவிகையேற்றிய உடல். அக்கணம் முதல் அவரும் இறைவனும் அறிய அவருடையதே ஆயிற்று. கண்டவர் அஞ்சி ஓடினர். இறைவன் அறிந்தால் அமையும், அறியாதார்க்கு எவ்வாறு தோன்றினால் என்ன என்று அவர் கவலாது கயிலை நோக்கி நடந்தார். அங்குத் தலையால் நடந்துவந்த அவ்வென்புருவைக் கண்டு உமையம்மை வியந்து வினவ, பெருமானோ அவரை அம்மை என்றே அழைத்தருளினான். பின்னர்த் திருவாலங்காட்டில் ஆடல் கண்டு திருவடிக்கீழ் என்றும் இருக்கும் பேறு பெற்றார். அவர் அருளிய நூல்கள் நான்கு, பாடல்கள் 143, பதினோராந் திருமுறையில் உள்ளன. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் அருகே அவ்வடிவை இன்றும் காணலாம்.

பேய்வடிவே உயர்ந்தது என்பதன்று இதன் கருத்து. மங்கையர்க்கரசியார் மங்கல அணியோடு அரசியாக வாழ்ந்தே நாயன்மார் வரிசையில் இடம்பெற்றார். இருவரையும் இறைவன் ஏற்றான். எவர் கோலத்தையும் அவன் அளந்து பார்க்கவில்லை.

நாமோ அளக்கின்றோம். திருக்கோயில் மண்டபத்தில் அமர்ந்தே பிறர் மகளின் நிறத்தையும் உடையையும் கூந்தலையும் எடைபோடுகின்றோம். பெண்பார்க்கும் நாளில் அவளை நிறுத்திவைத்து மதிப்பிடுகின்றோம். அவள் மனத்தைக் கேட்க மறக்கின்றோம். யானும் பல்லாண்டு மேடைகளில் மாங்கனியின் சுவையை விரித்துரைத்து, அம்மையார் உடலைத் துறந்த துணிவை ஓரிரு சொல்லில் கடந்தவனே. அப்பிழையை இம்முதுமையில் உணர்கின்றேன்.

ஆனித் திங்கள் மாங்கனித் திருவிழாவில் காரைக்காலில் கனி இறைத்து மகிழ்கின்றோம். அவரைத் தொழுவது மெய்யாயின், நம் இல்லத்துப் புனிதவதியார் தம் கோலத்தையும் வாழ்வையும் தாமே தேர்ந்துகொள்ள வழிவிடுதல் அவர்க்குச் செய்யும் பூசையாகும். கும்பத்தைத் தூய்மை செய்த புனிதநீர் நம் கண்களையும் தூய்மை செய்க.

திருச்சிற்றம்பலம்.