ஐயமுற்ற குருவானவர்: அபே துபுவா

திருச்சபையின்மீது ஐயங் கொண்டவன் செய்யத்தக்கது யாது? ஐயத்தை மறைத்துக்கொண்டு பூசைக்குப் போவதா, கோயிற் பக்கம் தலைவையாது நின்றுவிடுவதா? மாணவர் விடுதிகளில் விளக்கணைந்த பின்னரும் ஓயாத வாதங்களுள் இதுவும் ஒன்று. இவ்விரு வழிகளிலும் செல்லாத ஒருவர் நம் புதுவையோடு தொடர்புடையவர். அவர் வரலாற்றை நம் கல்லூரி மாணவர் அறிதல் நலம்.

மிஷன் வீதியிற் செல்வோர், சம்பாக் கோயில் என மக்கள் வழங்கும் ஜென்மராக்கினி மாதா கோயிலை அறிவர். 1761-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றித் தகர்த்தபோது இவ்விடத்திருந்த முந்திய கோயிலும் வீழ்ந்தது. இப்போதுள்ள கோயில் 1791-இல் நிறைவெய்திற்று. அதற்கு அடுத்த ஆண்டிலே, ஏறத்தாழ இருபத்தாறு வயதினரான இளங்குரு ஒருவர் பிரான்சிலிருந்து இம்மிஷனுக்குப் புறப்பட்டார். ழான் அந்துவான் துபுவா என்பது அவர் பெயர். குருமாரைப் பிரெஞ்சுக்காரர் அபே என்று அழைப்பது வழக்கமாதலின், அபே துபுவா என்றே உலகம் அவரை அறிந்துளது.

அவர் பிறந்தது தென் பிரான்சில் ஆர்தேஷ் மாவட்டத்துச் சேன் ரெமேஸ் என்னும் சிற்றூர். குருப்பட்டம் பெற்றது 1792-இல். அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதைச் சரித்திர மாணவர் நன்கறிவர். புரட்சி அரசாங்கத்திற்குப் பிரமாணஞ் செய்ய மறுத்த குருமார் நாடு கடத்தப்பட்டனர். செப்டம்பர் மாதத்திலே பாரிஸ் சிறைகளில் பலர் வெட்டுண்டு மாண்டனர். அவர் வந்து சேர்ந்த புதுவை மிஷனும் உறுதியாக வேரூன்றி நின்றதன்று. சேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டபின், 1776-இல் இம்மிஷன் பாரிஸ் அயல்நாட்டு வேதபோதக சபையார் கைக்கு வந்தது. குருமாரோ சிலர், நிலமோ பெரிது. 1793-இல் புதுவையும் மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. தாய்நாட்டில் சபை சிதைந்தது; வந்த நாட்டிலோ ஆதரவு அற்றது. துபுவாவின் ஊழியம் இந்நிலையிலேதான் தொடங்கிற்று.

அவர் தமிழ்நாட்டு ஊர்களிற் சில ஆண்டுகள் உழைத்தார். இந்நாட்டார் உடையை உடுத்துத் தலைப்பாகை அணிந்தார். அவர்கள் உண்ணும் உணவையே உண்டு, அவர்கள் இருக்கும் வீடுகளிலேயே தங்கினார். ஐரோப்பியர் கூட்டத்தை நாடாது ஒதுங்கியிருந்தார். தத்துவ போதகரும் வீரமாமுனிவரும் காட்டிய வழியே இது எனலாம்.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு சுல்தான் மாண்டார். 1784-இல் மங்களூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர் பல்லாயிரவரைத் திப்பு சிறைபிடித்துக் கொணர்ந்ததும், அவருட் பலரை வலிந்து மதமாற்றியதும் யாவரும் அறிந்தவை. சிதறிய அம்மந்தையை மீண்டும் சேர்க்கும் பொருட்டுத் துபுவா மைசூருக்கு அழைக்கப்பட்டார். பின்னாளில் வெல்லிங்டன் பிரபுவாக விளங்கிய கர்னல் வெல்லெஸ்லி இதற்குப் பரிந்துரைத்தார் என்பர்.

அங்கே அவர் கண்டது அவர் உள்ளத்தை விட்டு நீங்கவேயில்லை. அத்தனை ஆயிரவருள் ஒருவரேனும் வேதசாட்சியாக உயிர்விடத் துணியவில்லையே என்று பல்லாண்டு கழித்தும் எழுதினார். இத்தனை தலைமுறை போதித்த வேதம் வேர் பிடிக்கவேயில்லையோ என்பது அவர் ஐயத்தின் முதல் முளை என்று கருதுகிறேன். ஆயினும் ஈண்டு என் மனம் அவரோடு முற்றும் உடன்படவில்லை. பதினைந்தாண்டுச் சிறைக்கும் பசிக்கும் பின்னர், வாயில் திறந்தவுடன் தம் பழைய குருவைத் தேடி வந்தோர் பலர் அல்லரோ? கூரை வீழ்ந்த நாளில் அஞ்சியவர் பேதுருவைக் காட்டிலும் கீழானவர் ஆவரோ?

ஐயம் வளர்ந்தது, கை ஓயவில்லை. வறிய கிறிஸ்தவர்கள் பயிரிட்டுப் பிழைக்குமாறு ஹாசன் பக்கத்துச் சாத்தள்ளியில் ஒரு குடியேற்றம் அமைத்தார். பசுவின் அம்மைப்பாலால் வைசூரியைத் தடுக்கும் முறையை ஜென்னர் 1798-இல் வெளியிட்டார்; அது 1802-இல் இந்தியாவுக்கு வந்தது. ஊரார் அம்மை குத்திக்கொள்ள அஞ்சி ஓடிய அக்காலத்தே, துபுவா ஊர் ஊராகச் சென்று அவர்களை இணங்குவித்தார். 1803, 1804 ஆகிய ஈராண்டுகளில் அவர் முயற்சியால் அம்மை குத்தப்பெற்றோர் இருபத்தையாயிரவருக்கு மேற்பட்டவர். கன்னட மக்கள் அவரைத் தொட்ட சுவாமியோரு, அதாவது பெரிய சுவாமியார், என்று அழைத்தனர்.

அவர்க்கு உலகப்புகழ் தந்தது இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய நூல். அதன் கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 2,000 வராகன் கொடுத்து வாங்கி, 1816-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டனர். அந்நூலின் பெரும்பகுதி கேர்தூ என்னும் சேசு சபைக் குருவின் பழைய ஏடுகளிலிருந்து எடுத்தது என்பதைச் சில்வியா மூர் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1987-இல் நிறுவினார். கேர்தூவின் பெயரை மறைத்தது துபுவாவின் புகழுக்கு ஒரு மாசே. அவர் நெஞ்சை அறிய விரும்புவோர்க்கு வேறொரு நூல் உண்டு. அதனை அவர் தம் சொந்த அனுபவத்தினின்று எழுதினார்.

1823-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார். அவ்வாண்டிலேயே இந்தியாவிற் கிறிஸ்து மதத்தின் நிலையைப் பற்றிய அவருடைய கடிதங்கள் லண்டனில் நூலாக வெளிவந்தன. இந்துக்களை மனந்திருப்புதல் இனி மனிதரால் இயலாது என்பதே அதன் முடிவு. தம் நீண்ட ஊழியத்தில் ஒரு சுதேசக் குருவின் துணையோடு தாம் சேர்த்தவர் இருநூறு முந்நூறு பேரே என்றும், அவருள்ளும் மூன்றில் இரு பங்கினர் தாழ்த்தப்பட்டோரும் இரவலருமே என்றும் ஒளியாமல் எழுதினார். ஐரோப்பியரின் ஒழுக்கக்கேட்டைக் கண்ட மக்கள் ஐரோப்பியர் வேதத்தையும் இகழ்கின்றனர் என்றார். மலபார்ச் சடங்குகளைப் பற்றி ரோமாபுரியில் எழுந்த வழக்கும், 1744-இல் பாப்பரசர் இட்ட முடிவான தடையும் மிஷனைத் தளர்த்தின என்றார். அரைகுறை மொழிபெயர்ப்பாக வேதாகமத்தை அள்ளி வழங்குவதால் பயனில்லை என்பதும் அவர் கொள்கை. ஊதாரி மைந்தன் உவமையில் கொழுத்த கன்றை அடித்து விருந்திடும் பகுதியைப் படிக்கும் இந்து, தந்தையின் அன்பை எண்ணுவதற்கு முன் அருவருப்பு அடைவான் என்று எடுத்துக்காட்டினார். தமிழ் பயில்வோர் இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. மொழிபெயர்ப்பாளர் பலரும் இத்தகைய இடங்களில் இடறியுள்ளனர்.

அக்காலத்து மிஷனெரிமார்க்கு இந்நூல் இடிபோல் வந்தது. 1813-ஆம் ஆண்டுப் பட்டயத்தால் கம்பெனி நாட்டில் அவர்கட்கு வழி திறந்து பத்தாண்டே ஆகியிருந்தது. பாளையங்கோட்டையில் ஆங்கிலப் படைக்குக் குருவாயிருந்து பள்ளிகள் நிறுவிய ஜேம்ஸ் ஹௌ என்பார் 1824-இல் மறுப்புநூல் ஒன்று எழுதினார். நிகழ்ச்சிகளும் ஹௌ பக்கமே சாய்ந்தன. துபுவா உயிரோடிருந்த காலத்திலேயே ரேனியஸ் ஐயர் முதலியோர் உழைப்பால் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையிற் சேர்ந்தனர்.

துபுவா பிழைத்தது எங்கே? உயர்குலத்தோர் வருகையை நோக்கியே அவர் கண் வாயிலில் நின்றது. வந்து புகுந்தவரை அவர் எண்ணினாரேயன்றி மதித்தாரில்லை. தாழ்த்தப்பட்டோரும் இரவலரும் என்று அவர் தோல்விக் கணக்கில் எழுதியவர்களே கலிலேயக் கரையில் ஆண்டவரைச் சூழ்ந்து நின்ற கூட்டம். பிற்காலத்துச் சபையைத் தாங்கியவர் பலரும் அவர்கள் வழிவந்தோரே. இஃதொன்றும் அவர் அறியாததன்று. நற்செய்தியை நாள்தோறும் பூசையில் வாசித்தவர் அவர். அறிந்தும் காணாமற்போயினார் என்பதே என் வருத்தம். எனினும் தோல்வியை வெற்றியாகத் திரித்து ஐரோப்பாவிற்கு அறிக்கை அனுப்புவது எளிதாயிருந்த நாளில், தம் கணக்கைக் குறைத்தே காட்டிய அவர் நேர்மையை நான் வணங்குகிறேன்.

நூல் வெளிவந்தபின் அவர் குருத்துவத்தைத் துறந்திருப்பார் என்று நினைப்போர் உளர். அவ்வாறு நிகழவில்லை. பாரிஸில் தம்மை அனுப்பிய சபையின் குருமடத்திற்கே திரும்பி, அங்கு ஆசிரியராகவும் நிர்வாகியாகவும் அமர்ந்தார். 1826-இல் பஞ்சதந்திரக் கதைகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். 1836 முதல் 1839 வரை அம்மடத்திற்கே தலைவராயிருந்தார். கீழ்த்திசை நாடுகளுக்குச் செல்லவிருந்த இளைஞரை ஆயத்தஞ்செய்வது அவ்வீட்டின் தொழில். இயலாது என்று தாமே அச்சிட்டு உலகறியச் சொன்ன பணிக்கு ஆண்டுதோறும் ஆள் அனுப்பிவைத்த இல்லத்தில் அம்முதியவர் தலைமை தாங்கினார். அவ்விளைஞரிடம் தம் கடிதங்களைப் பற்றி யாது சொன்னாரோ!

1844-இல் மேற்றிராணியார் பொன்னான் நம் புதுவையிற் கூட்டிய குருமார் மாமன்றம், இந்நாட்டவரையே குருக்களாகப் பயிற்றுவிப்பதை மிஷனின் தலையாய கடமையாக வற்புறுத்திற்று. துபுவா அப்போது பாரிஸில் தள்ளாத முதுமையில் இருந்தார். 1848-ஆம் ஆண்டு பெப்ரவரி 17-ஆம் நாள் அக்குருமடத்திலேயே காலஞ்சென்றார். ஐந்து நாள் கழித்து, பாரிஸ் வீதிகளில் மீண்டும் ஒரு புரட்சி வெடித்தது.