கை கழுவச் சொன்னார். அவரையே கை கழுவினர்!

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பார்கள் நம் ஊரில். பெருமைக்காகப் பிறந்த பேச்சல்ல அது. பயத்தில் பிறந்த பேச்சு. பெற்றுப் பிழைத்து எழுந்தவளைக் கண்டு, மறுபடி பிறந்தாளென்று மகிழ்ந்தனர். எழாமலே போனவளைக் கண்டு, விதி முடிந்ததென்று விம்மினர். விதி! எவ்வளவு வசதியான சொல் அது! சொல்லிவிட்டால் போதும், எவரும் எவரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

அந்தச் சொல்லை ஏற்க மறுத்து, கணக்கேட்டை விரித்து வைத்துக்கொண்டு, ஏன் இறந்தாள் என்று கேட்ட ஒருவரின் வாழ்க்கையை இன்று தோழர்களின் முன் வைக்கிறோம். இக்னாஸ் செம்மல்வைஸ் அவர் பெயர். ஐரோப்பியப் பெயர்தான். எனினும் அதன் முன்பகுதியில் நமது தமிழ்ச் சொல்லொன்று தற்செயலாக வந்து உட்கார்ந்திருக்கிறது: செம்மல்! பொருள் தெரிந்து வைத்த பெயரல்ல. ஆனால் பொருந்திவிட்ட பெயர்.

1818ஆம் ஆண்டு சூலை முதல் நாள், தான்யூப் ஆற்றங்கரையிலுள்ள புடா நகரில் பிறந்தார். இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி அது. தந்தை மளிகை வணிகர். பத்துப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. சட்டம் பயில வியன்னாவுக்கு அனுப்பப்பட்டவர், அங்கே மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். 1844இல் பட்டம் பெற்றார். 1846இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவ விடுதியில் பேராசிரியர் கிளைனுக்கு உதவியாளராக அமர்ந்தார்.

வியன்னா! ஆஸ்திரியப் பேரரசின் தலைநகர். மன்னர் மாளிகை ஒருபுறம், மயக்கும் இசையரங்குகள் ஒருபுறம். அந்த நகரில்தான் ஏழைப் பெண்கள் இலவசமாகப் பிள்ளை பெறும் விடுதியும் இருந்தது. சீமாட்டிகள் அங்கே வருவதில்லை. அவர்களுக்கு வீட்டுக்கே வருவார் மருத்துவர். விடுதிக்கு வந்தவர்கள் வேலைக்காரிகள், கூலிப் பெண்கள், மணமாலை விழாமலே தாயானதால் ஊராரின் வசைமாலை விழுந்தவர்கள். அவர்களிடம் காசு கேட்கவில்லை மருத்துவமனை; உடலைக் கேட்டது. மாணவர்கள் தொட்டுப் பார்த்துப் பாடம் படிக்க அவர்கள் உடல்தான் புத்தகம்!

விடுதியில் இரண்டு பிரிவுகள். முதற் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். ஒரு நாள் வருபவர் முதற் பிரிவுக்கு, மறுநாள் வருபவர் இரண்டாம் பிரிவுக்கு என்பது ஏற்பாடு. ஒரே ஊர், ஒரே மருத்துவமனை, ஒரே காற்று, ஒரே வகையான ஏழைப் பெண்கள். ஆனால் சாவு மட்டும் ஒரே மாதிரி இல்லை.

1846ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மருத்துவச்சிகளின் பிரிவில் 3,754 பிரசவம், 105 சாவு. மருத்துவர்களின் பிரிவில் 4,010 பிரசவம், 459 சாவு! படிக்காத பாட்டாளிப் பெண்கள் இந்தக் கணக்கை எந்த ஏட்டிலும் பார்க்கவில்லை, ஆனால் அறிந்திருந்தனர். முதற் பிரிவு என்றதும் மண்டியிட்டு அழுதனர், அங்கே சேர்க்காதீர்கள் என்று. இன்னொரு விந்தை: வழியிலேயே, தெருவிலேயே பெற்றுவிட்டுப் பிறகு வந்து சேர்ந்த பெண்கள் அதிகம் சாகவில்லை. பேராசிரியரின் கட்டிலைவிடத் தெருவோரம் பத்திரமாக இருந்தது!

அவர்களைக் கொன்றது பிரசவ ஜன்னி. அது ஏன் பெற்றவளைப் பிடிக்கிறது? தாயின் உடலில் நடப்பதை அறிந்தால் விளங்கும். கருவுறுமுன் ஏறத்தாழ 70 கிராம் எடையுள்ள கருப்பை, நிறைமாதத்தில் ஒரு கிலோவையும் தாண்டிவிடுகிறது. உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுகிறது. இதயம் இரண்டு உயிருக்காக உழைக்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி கழன்றதும், அது ஒட்டியிருந்த இடம் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் புண்ணாகிறது. கருப்பையின் வாயோ அப்போது திறந்து கிடக்கிறது. நாம் தாயின் முகத்தைப் பார்க்கிறோம், குழந்தையின் அழுகையைக் கேட்கிறோம். உள்ளே இருக்கும் அந்தப் புண்ணை மறந்துவிடுகிறோம். அந்தப் புண்ணில் நஞ்சு பட்டால்? குளிர், நடுக்கம், கொதிக்கும் காய்ச்சல், வீங்கும் வயிறு, சில நாளில் சாவு.

காரணம் கூறினர் அறிஞர் பெருமக்கள். காற்றில் நச்சு என்றனர். அந்தக் காற்று அடுத்த பிரிவுக்குள் நுழையாதா என்று கேட்டார் செம்மல்வைஸ். நெரிசல் என்றனர். அஞ்சி ஓடி வந்த கூட்டத்தால் இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் மிகுதி! விசாரணைக் குழு அமைத்தனர். அயல்நாட்டு மாணவர்கள் முரட்டுத்தனமாகச் சோதிப்பதே காரணம் என்று தீர்ப்பளித்தது குழு. தன் வீட்டுக் குற்றத்தை அயலான் தலையில் கட்டும் பழக்கம் எந்த நாட்டில்தான் இல்லை! மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தனர். சிலகாலம் தணிந்த சாவு, மீண்டும் தலைதூக்கியது.

சாகும் தறுவாயில் இருப்பவருக்குச் சடங்கு செய்யப் பாதிரியார் வருவார். முன்னே மணி ஒலிக்கும். முதற் பிரிவின் கூடங்களைக் கடந்துதான் அவர் போகவேண்டும். மணியோசை கேட்டு நடுங்கியே பெண்கள் மாண்டனரோ என்று ஐயுற்றனர். மணியை நிறுத்தச் செய்தார், மாற்று வழியில் வரச் செய்தார் செம்மல்வைஸ். மணி நின்றது, மரணம் நிற்கவில்லை. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்துப் பெறச் செய்தார். அதிலும் பயன் இல்லை. ஆனால் பாருங்கள் தோழர்களே, ஒவ்வொரு காரணத்தையும் வாயால் மறுக்காமல், செய்து பார்த்து, எண்ணிப் பார்த்து நீக்கினார். அதுதான் பகுத்தறிவு.

1847 மார்ச்சு மாதம், வெனிசு நகருக்குச் சென்று திரும்பியவரை வரவேற்றது சாவுச் செய்தி. நண்பர் கொல்லெட்சுகா, சட்ட மருத்துவப் பேராசிரியர், மறைந்துவிட்டார். பிணத்தை அறுத்துப் பாடம் நடத்துகையில் மாணவன் ஒருவனின் கத்தி அவர் விரலில் பட்டது. சின்னக் காயம். அதுவே உயிரைக் குடித்தது. அவரது உடலை ஆராய்ந்த குறிப்பைப் படித்தார் செம்மல்வைஸ். படித்தவர் திடுக்கிட்டார். பிரசவ ஜன்னியில் மாண்ட பெண்களின் உடலில் கண்ட அதே அடையாளங்கள்! பெறாத ஆணுக்குப் பிரசவ ஜன்னியா?

மின்னல் வெட்டியது போல் உண்மை தெரிந்தது. பேராசிரியரின் காயத்தில் பிண நஞ்சைச் செலுத்தியது கத்தி. தாயின் புண்ணில் அதைச் செலுத்தியது எது? கை! காலையில் சவச்சாலையில் பிணம் அறுத்த மருத்துவரின் கை, மாணவரின் கை, சோப்பு நீரில் கழுவியும் நாற்றம் நீங்காத கை, நேராகத் தாயின் உடலுக்குள் சென்றது. மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. அவர்கள் பிரிவில் சாவும் குறைவு. பேராசிரியர் கிளைனுக்கு முன்பிருந்த போயர், பிணத்தைக் கொண்டு பிரசவப் பாடம் நடத்த மறுத்தவர். அவர் காலத்தில் சாவும் சொற்பமாகவே இருந்தது. எல்லா முடிச்சும் அவிழ்ந்தது.

ஆனால் அந்த உண்மை இனித்ததா? இல்லை, நெஞ்சைச் சுட்டது. நோயின் காரணத்தைக் காணவேண்டும் என்ற வேட்கையால், நாள்தோறும் காலையில் மற்றவரினும் அதிகமாகப் பிணம் அறுத்தவர் அவரேதான்! தன் கையால் எத்தனை தாய்மார் மாண்டனரோ என்ற எண்ணம் அவரை வாட்டியது. அதை மறைக்கவில்லை, பின்னாளில் தம் நூலிலேயே எழுதி வைத்தார்.

1847 மே நடுவில் ஆணையிட்டார். குளோரின் கலந்த நீரில் கை கழுவாமல் எவரும் தாயைத் தொடக்கூடாது. விலை அதிகம் என்பதால், பிறகு மலிவான குளோரினேற்றிய சுண்ணாம்பைப் பயன்படுத்தினார். அது வேறெதுவுமல்ல, நம் நகராட்சித் தொழிலாளி தெருவில் தூவுகிறாரே, அந்தப் பிளீச்சிங் பவுடர்தான்! பலன்? ஏப்ரலில் 312 பிரசவத்தில் 57 சாவு. சூனில் 268க்கு 6. சூலையில் 250க்கு 3. அடுத்த ஆண்டு 1848இல் 3,556 பிரசவத்துக்கு 45 சாவுதான். இரண்டு மாதங்களில் ஒருவர்கூட இந்நோயால் இறக்கவில்லை. புது மருந்து இல்லை, பூசை இல்லை. ஒரு பேசின் தண்ணீர், ஒரு பிடிச் சுண்ணாம்பு!

இடையில் ஓர் இடி. 1847 அக்டோபரில், கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்த ஒருத்தியைச் சோதித்துவிட்டு, சோப்பால் மட்டும் கழுவிய கையோடு மற்றவர்களைச் சோதித்தனர். 12 பேரில் 11 பேர் மாண்டனர். பிணத்திலிருந்து மட்டுமல்ல, உயிருள்ள உடலின் அழுகலிலிருந்தும் நஞ்சு பரவும் என்று கண்டார். ஒருவரைத் தொட்டபின் அடுத்தவரைத் தொடுமுன் கழுவுக என்று விதியை விரித்தார். இன்று ஒவ்வொரு செவிலியும் கடைப்பிடிக்கும் விதி அது.

உலகம் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும் என்றுதானே எண்ணுகிறீர்கள்? இல்லை. எதிர்த்தனர். ஏன்? அவர் சொன்னதை ஒப்புக்கொண்டால், கொன்றது நம் கைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கனவான்களின் கை அழுக்கா? பேராசிரியரின் விரல் எமனின் விரலா? ஒப்புக்கொண்டவரும் இல்லாமலில்லை. செருமனியின் கீல் நகரத்து மிக்கேலிசு என்ற மருத்துவர் உண்மையை ஏற்றார்; தாம் பிரசவம் பார்த்த நெருங்கிய உறவுப் பெண் மாண்டதை எண்ணி எண்ணி உருகி, 1848இல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். மற்றவர்களோ எளிய வழியைத் தேர்ந்தனர்: உண்மையை மறுத்தனர்.

1849இல் பதவிக்காலம் முடிந்தது. நீட்டிக்க மறுத்தார் கிளைன். அந்த இடத்தில் அமர்ந்தவர் பிரவுன். அவர் பின்னர் எழுதிய பாட நூலில் பிரசவ ஜன்னிக்கு 30 காரணங்களை அடுக்கினார். பிண நஞ்சுக்கு 28ஆவது இடம் தந்தார்! 1850இல் செம்மல்வைசுக்கு ஒரு விரிவுரையாளர் பதவி கிடைத்தது. ஆனால் பொம்மையை வைத்துத்தான் கற்பிக்க வேண்டுமென்று நிபந்தனை. மனம் நொந்தார், நண்பர்களிடமும் சொல்லாமல் ஊர் திரும்பினார்.

பெஸ்ட் நகரின் ரோக்கசு மருத்துவமனையில் 1851 முதல் ஆறாண்டு ஊதியமின்றிப் பணியாற்றினார். 933 பிரசவம், ஜன்னியால் 8 சாவு. 1855இல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கே ஜன்னி கிளம்பியபோது கையை மட்டும் பார்க்கவில்லை அவர், படுக்கையையும் பார்த்தார். சிக்கனம் பிடித்துச் சலவை செய்ததில், இரத்தக் கறை போகாத விரிப்பில் புதிதாய்ப் பெற்றவளைக் கிடத்தியிருந்தனர். சலவையில் மிச்சம் பிடித்த காசு, சாவில் போய்ச் சேர்ந்தது! சுத்தமான விரிப்புக்காக நிர்வாகத்தோடு போராடினார். மருத்துவம் என்பது மருந்துச் சீட்டோடு முடிவதல்ல. விரிப்பை மாற்றும் ஆயாவும், துணி வெளுக்கும் தொழிலாளியும் சேர்ந்ததே மருத்துவம் என்பதை அன்றே அறிந்தவர் அவர்.

குறையே இல்லாதவரா? அப்படிக் கூறமாட்டோம். கண்டதை உடனே எழுதாமல் காலம் கடத்தினார். பெருநூல் வெளிவர 1861 ஆயிற்று. மறுத்தவர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதி, கொலைகாரர்கள் என்றே சாடினார். கிருமி என்பது அன்று நிறுவப்படாத காலம். நஞ்சு எதுவென்று அவரால் காட்ட இயலவில்லை. ஆனால் சாவின் கணக்கைக் காட்டினாரே, அது போதாதா? கண்ணிருந்தவர்க்குப் போதும், கர்வம் கண்ணை மறைத்தவர்க்கு எது போதும்?

நெஞ்சம் நைந்தது, நினைவு தடுமாறியது. 1865 சூலையில் வியன்னாவின் மனநோய் விடுதிக்கு, நண்பர் ஒருவரே ஏமாற்றி அழைத்துச் சென்று விட்டுவந்தார். தப்ப முயன்றவரைக் காவலர் தாக்கியதாகப் பின்னர் கிடைத்த சான்றுகள் காட்டுகின்றன. புண் சீழ்பிடித்தது, இரத்தத்தில் நஞ்சேறியது. ஆகத்து 13இல், 47 வயதில் மாண்டார். எந்த நஞ்சை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போரிட்டாரோ அதே வகை நஞ்சு! அதற்கு முந்திய நாள்தான், ஆகத்து 12இல், கிளாசுகோ நகரில் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், ஒரு சிறுவனின் காயத்தில் கார்பாலிக் அமிலத் துணியை வைத்துக் கட்டிப் புதுயுகம் தொடங்கினார். 1879இல் பாஸ்டர் பாரிசில் எழுந்து, ஜன்னிக் கிருமியின் வடிவத்தையே பலகையில் வரைந்து காட்டினார். 1969 முதல் புடாபெஸ்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் செம்மல்வைசின் பெயரைத் தாங்குகிறது. பொம்மையைத் தந்து அவமதித்த உலகம், பின்னாளில் சிலையைத் தந்தது.

தோழர்களே, இது வெறும் பழங்கதையா? பேறுகாலக் கிருமித்தொற்று இன்றும் உலகில் தாய்மாரைக் கொல்லும் காரணங்களில் ஒன்று. உங்கள் துணைவியையோ தங்கையையோ மருத்துவமனையில் சேர்க்கும்போது, நீங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தாயையும் சேயையும் தொடுமுன் உங்கள் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். பார்க்க வரும் உற்றாரையும் கழுவச் சொல்லுங்கள். பெற்றபின் காய்ச்சலும் குளிரும் கண்டால், பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அல்லும் பகலும் கை கழுவிக் கழுவித் தோல் உரிந்து நிற்கும் செவிலியை அதட்டாதீர்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் அவரோடு சேர்ந்து நிர்வாகத்தைக் கேளுங்கள்.

இன்னொன்றும் கூறுவோம். பொதுவாழ்வில் நிற்பவர்க்கும் இது பாடம். நம் கையில் அழுக்கு என்று கணக்குக் காட்டும்போது, காட்டியவனைத் துரத்துவது எளிது. கையைக் கழுவுவதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையை முதலில் தம் கையிலிருந்தே தொடங்கினாரே, அதனால்தான் அவர் செம்மல்!