வீணாய்ப் போன புகையை வேலை வாங்கியவர்

ஆல்பிரட் பூக்கியின் வாழ்க்கைக் கதை

விருதுநகரில் இருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது, பாலவனத்தம். மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட வள்ளல் பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர் அது. சுற்றிலும் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் கண்மாய் வறண்டு விடும். அப்போது ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் லாரி ஊருக்குள் வரும்.

லாரி வந்தால் ஊரே கூடி விடும். இரும்புக் குழாய் பாறையைத் துளைக்கும். வெள்ளைத் தூசி வானம் வரை எழும். தண்ணீர் வருமா, வராதா என்று குடும்பமே வயிற்றில் நெருப்பைக் கட்டிக் கொண்டு நிற்கும். காது கொடுத்துக் கேட்டால், அந்த இரைச்சலுக்கு நடுவே மெல்லிய விசில் சத்தம் ஒன்று கேட்கும். டீசல் எந்திரத்தோடு ஒட்டி இருக்கும் டர்போ என்ற கருவி எழுப்பும் சத்தம் அது. பார்வைக்குச் சின்ன நத்தை போல இருக்கும். ஆனால் எந்திரத்தின் பலத்தைக் கூட்டுவது அதுதான்.

அந்தக் கருவிக்கு வழி காட்டியவர் யார்? சுவிட்சர்லாந்து நாட்டில் பிறந்த ஆல்பிரட் பூக்கி.

எந்திரங்களுக்கு நடுவே பிறந்தவர்

பூக்கி 1879-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி விண்டர்தூர் என்ற ஊரில் பிறந்தார். எந்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே சுல்சர் என்ற பெரிய கம்பெனி இருந்தது. பூக்கியின் தந்தை அந்தக் கம்பெனியில் உயர்ந்த பதவி வகித்தார். எனவே ஆலைச் சத்தமும், எண்ணெய் வாடையும் சிறு வயதிலேயே பூக்கிக்குப் பழகிப் போயின.

1899-ம் ஆண்டில் சூரிச் நகரத்துத் தொழில் நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, எந்திர இயல் படித்தார். 1903-ல் பட்டம் பெற்றார். பிறகு பெல்ஜியம், இங்கிலாந்து ஆகிய நாடுகளில் வேலை பார்த்தார். அங்கே ஒரு விஷயம் அவர் மனதை உறுத்தியது.

புகையோடு போகும் பணம்

எந்திரத்துக்கு இரண்டு சாப்பாடு வேண்டும். ஒன்று எண்ணெய். இன்னொன்று காற்று. இரண்டும் சேர்ந்து எரிந்தால்தான் சக்தி பிறக்கும். எரிந்த பிறகு புகை வெளியே போய் விடும். அந்தப் புகை வெறும் புகை அல்ல. கொதிக்கும் சூடும், முட்டித் தள்ளும் வேகமும் உடையது. எண்ணெயில் உள்ள சக்தியில், ஏறக்குறைய 3-ல் ஒரு பங்கு இப்படிப் புகையோடு போய் விடுகிறது.

காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் வீணாகக் காற்றில் கலக்கிறதே! அதைத் திரும்பப் பிடித்து வேலை வாங்க முடியாதா? இதுதான் பூக்கியின் மனதை உறுத்திய கேள்வி.

விறகு அடுப்பு மங்கினால் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? ஊதுகுழலை எடுத்து ஊதுவார்கள். காற்று சேர்ந்ததும் அதே விறகு கொழுந்து விட்டு எரியும். அடுப்பில் இருந்து வரும் புகையே அந்த ஊதுகுழலை ஊதினால் எப்படி இருக்கும்? பூக்கியின் யோசனை ஏறக்குறைய அதுதான்.

புகை போகும் வழியில் ஒரு சக்கரத்தை வைத்தார். புகை மோதினால் சக்கரம் சுழலும். அதே தண்டில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எந்திரத்துக்குள் திணிக்கும். காற்று அதிகமானால் எண்ணெயையும் அதிகமாக எரிக்கலாம். எந்திரத்தைப் பெரிதாக்காமலே பலத்தைக் கூட்டி விடலாம்.

1905-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, இந்த யோசனைக்கு ஜெர்மனியில் உரிமைப் பத்திரம் பதிவாயிற்று. அதன் எண் 204630. அப்போது பூக்கிக்கு வயது 26.

20 ஆண்டுப் போராட்டம்

காகிதத்தில் வரைந்தது கருவியாக மாற எத்தனை ஆண்டு ஆயிற்று தெரியுமா? 20 ஆண்டு!

1909-ல் பூக்கி சொந்த ஊருக்குத் திரும்பி, சுல்சர் கம்பெனியில் சேர்ந்தார். டீசல் எந்திர ஆராய்ச்சியைக் கவனித்தார். 1915-ல் ஒரு மாதிரி எந்திரத்தையும் உருவாக்கினார். ஆனால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. சூட்டைத் தாங்கும் நல்ல உலோகம் அன்று இல்லை. காற்றை அமுக்கும் சக்கரங்களும் திறமையாக வேலை செய்யவில்லை. புகையில் இருந்து கிடைத்த சக்தி, காற்றைத் திணிப்பதற்கே போதவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் கை கழுவி விட்டிருப்பார். பூக்கி விடவில்லை. தவறு எங்கே என்று தேடினார். 1925-ல் விடை கிடைத்தது.

எல்லா சிலிண்டர்களின் புகையையும் ஒரே பெரிய குழாயில் கொட்டினால், அதன் வேகம் அடங்கி விடுகிறது. ஒன்றின் புகை இன்னொன்றுக்குத் தடையாகவும் நிற்கிறது. எனவே சிலிண்டர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியே குறுகலான குழாய் போட்டார். புகை விட்டு விட்டு வந்து, நேராகச் சக்கரத்தில் அடித்தது. சக்கரம் பறந்தது!

அடுத்த ஆண்டிலேயே பிராய்சன், ஹான்சஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்கள், டர்போ பொருத்திய எந்திரங்களுடன் பால்டிக் கடலில் ஓடின. 1,750 குதிரை சக்தி கொடுத்த எந்திரம், 2,500 குதிரை சக்தி கொடுத்தது. உலகம் வியந்தது. 1926-ல் பூக்கி தன் பெயரிலேயே ஒரு கூட்டு நிறுவனத்தை ஏற்படுத்தினார். பிரவுன் பவேரி கம்பெனி டர்போக்களைத் தயாரித்துக் கொடுத்தது.

ஆகாயத்தில் வந்த ஆபத்து

கப்பல் எந்திரம் மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடும். அதற்கு ஏற்ற அளவில் டர்போவைச் செய்து விட்டால் போதும். விமானம் அப்படி அல்ல. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். எந்திரம் மூச்சுத் திணறும்.

முதல் உலகப் போரின் போது பிரான்ஸ் நாட்டு ராட்டோ என்பவர், விமானத்துக்கு டர்போ பொருத்த முயன்றார். அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்ற நிபுணர், 1918-ல் ஒரு விமான எந்திரத்தை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் மலை உச்சிக்கே கொண்டு போனார். கீழே 350 குதிரை சக்தி கொடுத்த எந்திரம், மலை உச்சியில் 230 குதிரை சக்திதான் கொடுத்தது. டர்போவைப் பூட்டியதும் 356 ஆகி விட்டது!

ஆனால் மலை உச்சிக்கு ஏற்ற டர்போ, தரையில் அளவுக்கு மிஞ்சிய காற்றைத் திணிக்குமே! காற்று கூடினால் எண்ணெய் கூடும். எண்ணெய் கூடினால் புகை கூடும். புகை கூடினால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழலும். அது இன்னும் காற்றைத் திணிக்கும். இப்படியே போனால் எந்திரம் வெடித்துச் சிதற வேண்டியதுதான். இதற்குக் கடிவாளம் எது?

கண்மாய்க்குக் கலுங்கு போல

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக மறுகால் பாயும். கலுங்கு இல்லாவிட்டால் கரை உடையும். ஊர் மூழ்கும்.

டர்போவுக்கும் ஒரு கலுங்கு வைத்தார்கள். அதற்கு வேஸ்ட்கேட் என்று பெயர். சக்கரத்துக்குப் போகும் புகை வழியில் ஒரு சின்னக் கதவு. கதவை மூடிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். ஒரு டப்பாவுக்குள் மெல்லிய ரப்பர்த் தகடு. டர்போ அமுக்கிய காற்று ஒரு சிறு குழாய் வழியாக வந்து அந்தத் தகட்டைத் தள்ளும். காற்றழுத்தம் அளவைத் தாண்டியதும், ஸ்பிரிங் விட்டுக் கொடுக்கும். கதவு திறக்கும். உபரிப் புகை சக்கரத்தைத் தொடாமல் வெளியே போய் விடும். சக்கரத்தின் வேகம் அடங்கும்.

இரண்டாவது உலகப் போரில் வானத்தில் பறந்த அமெரிக்கக் குண்டு வீச்சு விமானங்களில் இந்தக் கதவு இருந்தது.

கார்களுக்கு வந்தது

பூக்கி 1959-ம் ஆண்டு அக்டோபர் மாதம், 80-வது வயதில் காலமானார். லாரிகளில் டர்போ ஏறியதை அவர் பார்த்து விட்டார். ஆனால் 1962-ல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் கம்பெனி, டர்போவும் வேஸ்ட்கேட்டும் பொருத்திய காரை விற்பனைக்குக் கொண்டு வந்ததைப் பார்க்க அவர் இல்லை. அந்தக் காருக்கு ஒரு தொல்லை. எந்திரம் சூட்டில் கெடாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை அடிக்கடி ஊற்ற வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். 1963-லேயே அந்தக் காரை நிறுத்தி விட்டார்கள். 1977-ல் சுவீடன் நாட்டு சாப் கம்பெனி, வேஸ்ட்கேட் உள்ள டர்போ காரைத் தினசரி ஓட்டத்துக்கு ஏற்றபடி செய்து காட்டியது. அதன் பிறகு டர்போ குடும்பக் கார்களிலும் நுழைந்தது.

எந்தக் கதவு பொருத்தம்?

வேஸ்ட்கேட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று டர்போவின் கூட்டுக்குள்ளேயே இருப்பது. சாதாரணக் கார், லாரிகளுக்கு இதுவே போதும். மற்றொன்று புகைக் குழாயில் தனியாகப் பூட்டுவது. பந்தயக் கார்களுக்கு இது ஏற்றது. சில டீசல் கார்களில் கதவுக்குப் பதிலாக, புகையின் போக்கை மாற்றும் அசையும் தகடுகள் இருக்கும்.

அதிகக் காற்றழுத்தம் வேண்டும் என்றால் பெரிய கதவு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். கண்மாயில் நீர்மட்டம் தாழ்வாக நிற்க வேண்டும் என்றால், அதிகத் தண்ணீரை வெளியே விட வேண்டும். அதற்கு அகலமான கலுங்கு தேவை. அதே போல, ஒரே டர்போவில் குறைந்த அழுத்தம் போதும் என்கிறவருக்குத்தான் பெரிய கதவு வேண்டும். கதவு சின்னதாக இருந்தால், அது முழுவதும் திறந்த பிறகும் அழுத்தம் ஏறிக் கொண்டே போகும்.

ஸ்பிரிங்கையும் கவனிக்க வேண்டும். 7 பவுண்டு ஸ்பிரிங் போட்டால், கதவு அந்த அழுத்தத்தில் திறக்கும். அதற்கும் கீழே கட்டுப்படுத்த முடியாது. எனவே தேவையான மிகக் குறைந்த அழுத்தத்துக்கு ஏற்ற ஸ்பிரிங்கே சரியானது. தனிக் கதவைப் பூட்டும் இடமும் முக்கியம். புகை வளைந்து நெளியாமல் எளிதாக அதற்குள் நுழைய வேண்டும். தண்ணீர் ஓடாத மேட்டில் கலுங்கு கட்டி என்ன பயன்?

கதவு கெட்டால் என்ன ஆகும்?

வண்டி மேட்டில் இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது என்றால், உடனே டர்போவையே மாற்றச் சிலர் கிளம்பி விடுகிறார்கள். பெரும் பணம் செலவாகும். முதலில் காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா, காற்றுக் குழாய்கள் விரிந்தோ, கழன்றோ இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கரிசல் காட்டுத் தூசியில் ஓடும் வண்டிக்கு இது மிகவும் அவசியம். அவை சரியாக இருந்தால், பிறகு கதவைப் பார்க்கலாம். கரி படிந்தோ, துரு ஏறியோ கதவு திறந்தபடி சிக்கிக் கொண்டால், புகை சக்கரத்துக்குப் போகாமல் நழுவி விடும். ஸ்பிரிங் தளர்ந்தாலும் அதே கதிதான்.

இதற்கு எதிரான கோளாறுதான் ஆபத்தானது. டப்பாவுக்குப் போகும் சிறு குழாய் கழன்று விட்டாலோ, உள்ளே ரப்பர்த் தகடு கிழிந்து விட்டாலோ, கதவு திறக்கவே திறக்காது. வண்டி திடீரென்று புலிப் பாய்ச்சல் பாயும். ஓட்டுகிறவர் மகிழ்ந்து போவார். ஆனால் உள்ளே சூடு ஏறும். கேஸ்கட் போகும். பிஸ்டன் ஓட்டை விழும்.

சோதிப்பது எளிது. எந்திரம் நன்றாக ஆறிய பிறகு, அளவு மானி உள்ள கைப்பம்பினால் அந்த டப்பாவுக்குள் காற்று அடிக்க வேண்டும். குறித்த அழுத்தத்தில் கம்பி நகர வேண்டும். அடித்த காற்று அப்படியே நிற்க வேண்டும். காற்று இறங்கினால் தகடு கிழிந்திருக்கிறது. காற்று நின்றும் கம்பி அசையாவிட்டால் கதவு சிக்கி இருக்கிறது. சிறு குழாய் கிழிந்ததுதான் காரணம் என்றால், ரிப்பேர்ச் செலவு சில நூறு ரூபாயோடு முடிந்து விடும்.

இன்னும் வேகம் வேண்டும் என்ற ஆசையில், சிலர் அந்தக் கம்பியை முறுக்கி வைத்து விடுகிறார்கள். கதவையே கட்டிப் போடுகிறவர்களும் உண்டு. அது கலுங்கை அடைத்துக் கண்மாயை நிரப்புவதற்குச் சமம். கடன் வாங்கி வண்டி வாங்கிய குடும்பத்தின் பிழைப்பே அந்தக் கதவில்தான் இருக்கிறது.

விசில் சத்தம்

தன் யோசனை பலிக்க 20 ஆண்டு காத்திருந்தவர் பூக்கி. வாலிப வயதில் கண்ட கனவு, நடு வயதில் பலித்தது. இன்று கப்பலிலும், ரெயில் எந்திரத்திலும், லாரியிலும், காரிலும் அவருடைய சக்கரம் சுழல்கிறது. கண்மாய் வறண்ட கோடையில், பாலவனத்தம் காட்டில் பாறையைத் துளைத்துத் தண்ணீரைத் தேடும் லாரியிலும் அந்த விசில் சத்தம் கேட்கிறது.