நோயாளி தொடங்கிய இயக்கம்

மனநோய் மருத்துவமனைகளைச் சீர்திருத்தப் பாடுபட்டவர்களில் ஒருவர், அங்கே மூன்று ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த நோயாளி. அவர் பெயர் கிளிபோர்டு பீர்ஸ்.

அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரில் 1876-ம் ஆண்டு பிறந்தார். 1894-ல் அவருடைய அண்ணனுக்கு வலிப்பு நோய் கண்டது. தமக்கும் அது வந்துவிடும் என்று பீர்ஸ் அஞ்சத் தொடங்கினார். வகுப்பில் எழுந்து பாடம் சொல்லவே நடுங்கினார். யேல் பல்கலைக்கழகத்தில் 1897-ல் பட்டம் பெற்றார். நியூயார்க்கில் வேலையும் பார்த்தார். ஆனால் பயம் விடவில்லை.

1900 ஜூனில் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து விழுந்து உயிரை விடத் துணிந்தார். கால் எலும்புகள் முறிந்தன, உயிர் தப்பியது. வராத வலிப்புக்காக ஆறு ஆண்டுகள் அஞ்சியவருக்கு மனமே கலங்கிவிட்டது.

சகோதரரா, ஒற்றரா?

மூன்று மருத்துவமனைகளில் மாறி மாறி வைக்கப்பட்டார். பார்க்க வந்த உறவினரெல்லாம் வேடமிட்ட ஒற்றர்கள் என்று நம்பினார். வீட்டாரிடம் வாய் திறக்கவில்லை.

1902 ஆகஸ்டில் ஒரு யோசனை தோன்றியது. மற்றொரு சகோதரருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே அடையாளமாக எடுத்து வரும்படி அதில் கேட்டிருந்தார். சகோதரர் வந்தார், கடிதத்தை எடுத்து நீட்டினார். தம் கையெழுத்தைக் கண்டதும் சந்தேகத் திரை விலகியது.

துன்பம் அதோடு தீரவில்லை. உற்சாகம் எல்லை மீறியபோது ஊழியர்கள் அடித்தார்கள். கைகளை அசைக்க முடியாதபடி இறுக்கும் சட்டையை மாட்டிப் பூட்டி வைத்தார்கள். உள்ளே நடப்பதை அறியவே முரட்டு நோயாளிகளின் வார்டுக்கு வலியப் போனார். கண்டதை மாநிலக் கவர்னருக்கே எழுதினார்.

1903-ல் வெளியே வந்தார். 1908-ல் தம் கதையைச் சொந்தப் பெயரிலேயே புத்தகமாக வெளியிட்டார். இந்த நோயைக் குடும்பங்கள் மூடி மறைத்த காலம் அது! உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஆதரவு தந்தார். அதே ஆண்டில் கன்னெக்டிகட் மாநில மனநலச் சங்கம் பிறந்தது. 1909-ல் தேசியக் குழு, 1913-ல் நியூ ஹேவனில் வெளிநோயாளிகளுக்கான மனநல நிலையம், 1930-ல் வாஷிங்டனில் முதல் அனைத்துலக மாநாடு என இயக்கம் வளர்ந்தது.

1939-ல் அவர் மனம் மறுபடி தளர்ந்தது. தாமாகவே மருத்துவமனையில் சேர்ந்தார். 1943-ல் அங்கேயே காலமானார். நோய் திரும்பி வந்ததால் அவர் செய்த பணி பொய்யாகிவிடவில்லை.

அவர் தொடங்கிய இயக்கத்தின் வழி வந்த சங்கம், நோயாளிகளைப் பிணைத்திருந்த சங்கிலிகளை உருக்கி, 1953-ல் 300 பவுண்டு மணி ஒன்றை வார்த்தது. நம் நாட்டிலோ, 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகள் விடுதி தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டுண்டிருந்தவர்கள் ஓட முடியாமல் மாண்டார்கள். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ல் சட்டம் வந்தது.

சட்டம் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். வீட்டில் ஒருவர் காரணமின்றி அஞ்சி நடுங்கினால், மறைக்காமல் டாக்டரிடம் அழைத்துச் செல்வது நம் கையில்தான் இருக்கிறது.