லூயி பாஸ்டர்: விஞ்ஞானியாக வாழ்ந்த ஒரு தந்தை

விசர்நாய் கடித்த பிள்ளையை ஊசி போடுவதற்காக வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒவ்வொரு பெற்றோரும், அறிந்தோ அறியாமலோ, ஒரு மனிதருக்குக் கடன்பட்டவர்களாவர். அவரே பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி லூயி பாஸ்டர். அவரது கண்டுபிடிப்புகளை நம் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அவர் ஐந்து பிள்ளைகளின் தந்தை என்பதையும், அவர்களுள் மூவரைச் சிறு வயதிலேயே மண்ணுக்குக் கொடுத்தவர் என்பதையும் அறிந்தவர் சிலரே.

1822ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள், டோல் என்னும் ஊரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பாஸ்டர் பிறந்தார். தந்தை நெப்போலியனின் படையில் பணியாற்றியவர்; பின்னர் தோல் பதனிட்டுப் பிழைத்தவர். குடும்பம் ஆர்புவா என்னும் சிற்றூரில் குடியேறியது. பதினைந்து வயதில் மகன் படிப்புக்காகப் பாரிஸ் நகருக்கு அனுப்பப்பட்டான். வீட்டு நினைவு அவனை வாட்டியது. சில வாரங்களிலேயே தந்தை நேரில் சென்று, கடிந்துகொள்ளாமல் அவனை வீட்டுக்கு அழைத்து வந்தார். அந்தப் பிள்ளை பின்னர் அதே பாரிஸுக்குத் திரும்பி உயர் கல்வி கற்றான்.

1849இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் இரசாயனப் பேராசிரியராகப் பணியேற்ற பாஸ்டர், அங்குள்ள கல்வி அதிபரின் மகள் மரி லோரானைக் கண்டு, சில வாரங்களிலேயே அவரது தந்தைக்குக் கடிதம் எழுதிப் பெண் கேட்டார். தம்மிடம் சொத்து ஏதும் இல்லை என்பதையும் அக்கடிதத்தில் மறைக்கவில்லை. அவ்வாண்டு மே 29இல் திருமணம் நடந்தது. 46 ஆண்டுகள் நீடித்த அந்த இல்லறத்தில், மாலை வேளைகளில் கணவர் சொல்லச் சொல்ல மனைவி எழுதினார், விளங்காததைக் கேட்டார், அவர் விளக்கிச் சொன்னார். பாஸ்டரின் புகழில் அந்த அம்மையாருக்கு உரிய பங்கு பெரிது.

பால் புளிப்பதற்கும் திராட்சை இரசம் கெடுவதற்கும் நுண்ணுயிர்களே காரணம் என்று பாஸ்டர் காட்டினார். உயிரற்ற பொருளிலிருந்து நுண்ணுயிர்கள் தாமாகவே தோன்றும் என்ற பழைய கருத்தை, அன்னக் கழுத்துப் போல் வளைந்த குடுவைகளைக் கொண்டு பொய்யாக்கினார். திராட்சை இரசத்தை அளவாகச் சூடாக்கிக் கெடாமற் காக்க அவர் கண்ட முறையே இன்று பாலுக்கும் பயன்படுகிறது.

வெளியே புகழ் வளர்ந்த அதே ஆண்டுகளில் வீட்டுக்குள் துயரம் புகுந்தது. 1859இல் மூத்த மகள் ஜான், ஒன்பது வயதில், நெருப்புக் காய்ச்சலால் இறந்தாள். 1865 ஜூனில் தந்தை காலமானார். அதே ஆண்டு செப்டெம்பரில் இரண்டு வயதுக் குழந்தை கமீய் கண்மூடினாள். அடுத்த ஆண்டு மே மாதம், பன்னிரண்டு வயதுச் செசீலையும் நெருப்புக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அந்நோயின் கிருமி இன்னதென்று அன்று எவரும் அறியார். கிருமிகளை ஆராய்ந்த தந்தையால் தம் பிள்ளைகளைக் காக்க முடியவில்லை.

அப்போது அவர் பிரான்சின் தென்பகுதியில், பட்டுப்புழுக்களை அழித்த நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். பட்டுத் தொழிலை நம்பிய குடும்பங்கள் வறுமையில் வாடின. பாஸ்டர் அப்பணியைக் கைவிடவில்லை. மனைவியும் எஞ்சியிருந்த மகள் மரி லூயிஸும் அங்கு சென்று, புழு வளர்க்கும் வேலையில் துணைநின்றனர். முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நுணுக்குக்காட்டியில் பார்த்து, நோயின் அடையாளம் இருந்தால் அதன் முட்டைகளை அழித்துவிடுவதே அவர் கண்ட வழி. 1868 ஒக்டோபரில் பாரிசவாதம் அவரது உடலின் இடப்புறத்தைத் தாக்கியது. வயது நாற்பத்தைந்து. படுக்கையில் கிடந்தபடியே ஆய்வுக் குறிப்புகளைச் சொல்லி எழுதுவித்தார். சில மாதங்களில் மீண்டும் தெற்கே புறப்பட்டார்.

1871 ஜனவரியில், ஜேர்மானியருடன் நடந்த போரில் பிரெஞ்சுப் படை சிதறியது. ஒரே மகன் ஜான் பத்தீஸ்த் அப்படையில் இருந்தான். செய்தி எதுவும் இல்லை. கால் இழுத்து நடக்கும் தந்தை, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு, பழைய வண்டியொன்றில் உறைபனி மூடிய சாலைகளில் மகனைத் தேடிப் புறப்பட்டார். பசியாலும் குளிராலும் வாடிய வீரர்களிடம் விசாரித்து விசாரித்துச் சென்று, பொந்தார்லியே என்னும் ஊரில், சோர்ந்து நோயுற்றிருந்த மகனைக் கண்டு சேர்த்துக்கொண்டார்.

1885 ஜூலை 6ஆம் நாள், அல்சாஸ் பகுதியிலிருந்து ஒரு தாய் தன் ஒன்பது வயது மகன் ஜோசப் மைஸ்தரைப் பாஸ்டரிடம் கொண்டுவந்தார். விசர்நாய் அவனைப் பல இடங்களிற் கடித்திருந்தது. உலர்த்திய முயல் முள்ளந்தண்டு வடத்திலிருந்து தயாரித்த மருந்து நாய்களில் பலன் தந்திருந்தது, மனிதரில் உறுதிப்படவில்லை. பாஸ்டர் வைத்தியரும் அல்லர். மருந்து பொய்த்தால் ஒரு பிள்ளையின் உயிர் போகும் என்ற அச்சம் அவரது உறக்கத்தைக் கெடுத்தது. வைத்தியர் ஒருவர் ஊசி ஏற்ற, பத்து நாட்கள் சிகிச்சை நடந்தது. சிறுவன் பிழைத்தான்.

அவ்வாண்டு நவம்பரில் லூயிஸ் பெலத்தியே என்னும் பத்து வயதுச் சிறுமி வந்தாள். கடிபட்டு 37 நாட்கள் கடந்திருந்தன. காலம் தவறிவிட்டது என்பதும், அவள் இறந்தால் தம் சிகிச்சையின் பெயர் கெடும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும் பெற்றோரின் மன்றாட்டைத் தள்ள அவரால் முடியவில்லை. சிகிச்சை அளித்தார். சிறுமி இறந்தாள். படுக்கையருகே இருந்த பாஸ்டர் கண்ணீர் விட்டழுதார். மூன்று மகள்மாரை இழந்தவரின் கண்ணீர் அது.

பல நாடுகளிலிருந்து வந்த நன்கொடைகளால் 1888இல் பாரிஸில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் குன்னூரிலும் அவர் பெயரில் ஒரு நிலையம் 1907இல் அமைந்தது.

பாஸ்டரைக் குறையற்றவராகக் காட்ட வேண்டியதில்லை. கடும் பிடிவாதமும் வாதத்தில் சூடும் அவரிடம் இருந்தன. 1881இல் ஆடுகளுக்கு ஏற்றிய தடுப்பு மருந்து எவ்வாறு தயாரிக்கப்பட்டது என்பதை அவர் முழுமையாக வெளியிடவில்லை என்பது, பின்னாளில் அவரது குறிப்பேடுகளை ஆராய்ந்தவர்களால் தெரியவந்தது. ஓயாது கோயிலுக்குச் சென்ற பக்திமானாக அவரைச் சித்திரிப்பதும் மிகை. ஆயினும் ஆய்வுகூடத்தில் கண்ட உண்மைக்கும் இறைவனுக்கும் பகை உண்டென்று அவர் கருதவில்லை.

1895 செப்டெம்பர் 28ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். ஒரு கை மனைவியின் கையிலும், மறு கை பாடுபட்ட சுரூபத்தைப் பற்றியும் இருந்ததாக மருமகன் எழுதிவைத்தார். பாஸ்டர் நிலையத்தில் உள்ள அவரது கல்லறையின் மேல் விதானத்தில் நான்கு சம்மனசுகள் தீட்டப்பட்டுள்ளனர். விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்பவற்றோடு நான்காவதாக நிற்பது விஞ்ஞானம். 1910இல் மரி அம்மையாரும் அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் நம்மிடையேயும் உண்டு. அத்தகைய துயரம் ஏன் வந்தது என்ற கேள்விக்குப் பாஸ்டரின் வாழ்வில் விடை இல்லை. ஆனால் அத்துயரம் அவரது உள்ளத்தைக் கல்லாக்கவில்லை. பிறர் பிள்ளைகளுக்காகத் திறந்துவைத்தது. தம் பிள்ளைகளைக் காக்க முடியாத ஒரு தந்தையின் உழைப்பால் இன்று எண்ணற்ற பிள்ளைகள் வாழ்கிறார்கள்.